தண்ணீர் லாரி வரிசையில் எங்கள் பச்சைக் குடம்

எண்பதுகளின் கடைசியில் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். நாலு வயது மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்து, போகும்போது பேச்சையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. சொல்லத்தான் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா எனக்கு ஒரே வேலைதான் சொன்னார். "அவ கேக்கறதுக்கு முன்னாடி எதையும் எடுத்துக் குடுக்காதீங்க. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க."

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள்தான், ஆனாலும் பத்து வரை எண்ணத் தெரியும். ஆனால் மகள் முன்னால் மூன்றைத் தாண்டியதில்லை. அவள் டம்ளரைப் பார்த்தாலே தண்ணீரை நீட்டிவிடுவேன். தொண்டை காய்ந்தால் மறுபடி காய்ச்சல் வருமோ என்று பயம். இப்படியே ஊமையாகிவிட்டால் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள் என்று அதைவிடப் பெரிய பயம்.

அந்தக் கோடையில் எங்களுக்குத் தண்ணீர் லாரிதான். காலையிலேயே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒருநாள் மகளோடு இறங்கி வந்தபோது, மூன்றாவதாக இருந்த எங்கள் பச்சைக் குடத்தைப் பக்கத்து பிளாக் அக்கா காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சண்டை என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"எங்க கொடம்!"

யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். மகள்! இடுப்பில் கை வேறு.

அக்காவுக்கு வாயெல்லாம் பல். "அய்ய, கொயந்த பேசுதுடி! இன்னொரு தபா சொல்லு கண்ணு."

"எங்க கொடம்!"

"உன்துதான் ராசாத்தி." பச்சைக் குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் முன்னால் வைத்தாள். "உங்கம்மா இன்னா, கம்பம் மாதிரி நின்னுகினு கீறா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் எங்கள் குடம் கடைசியில் கிடந்தது. பெண்கள் ஒன்றும் தெரியாதவர்கள் போல வானத்தைப் பார்த்தார்கள். நான் எடுக்கப் போனேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நீ சும்மா கெட. அது கேக்கட்டும்."

எண்ணினேன். எட்டு வந்தபோது, "பச்ச... கொடம்... முன்னாடி" என்றாள் மகள்.

கோடை முழுக்க எங்கள் குடம் வைத்த இடத்தில் இருந்ததே இல்லை. மழை பிடிப்பதற்குள், சில சொற்கள் சிக்கினாலும், அடுத்தவர் குடத்துக்கும் இவளே சண்டைக்குப் போனாள். பள்ளியிலும் இப்படி வாயாடினால் வாத்தியார் என்ன சொல்வாரோ என்று நான் கவலைப்பட ஆரம்பித்தேன்.