பீர் மைதீனின் ஒற்றைக் கண்

பீர் மைதீன் பாய் போல ஒரு பயந்தாங்கொள்ளி மெக்கானிக்கைத் தென்காசி கண்டதில்லை என்று நாங்கள் டிரைவர்கள் கேலி பேசுவோம். குத்துக்கல்வலசை போகும் வழியில் அவருடைய தகரக் கொட்டகை, பின்னாலேயே வீடு. அவர் சுத்தியலைக் கையில் எடுத்தால் போதும், மனைவி ஜைனப் அடுப்படி வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பார். அடி ஓயும்வரை நகர மாட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஐம்பத்து நாலில் ஒரு லாரி எஞ்சினில் உளி வைத்து அடித்தபோது இரும்புச் சில்லு தெறித்து பாயின் இடது கண் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் அடிக்கிற முறையே வேறு. வலது கண்ணால் பார்த்து உளியைச் சரியான இடத்தில் வைப்பார். பிறகு அந்தக் கண்ணையும் இறுக மூடி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிப்பார். மூன்று பிள்ளைகளுக்கும் சோறு போடுவது அந்த ஒரு கண்தான்.

அறுபத்தொன்று ஆடியில், குற்றாலத்தில் சீசன் அமர்க்களப்பட்ட நேரம், என் டாக்சி திணறத் தொடங்கியது. பாயிடம் கொண்டுபோனேன். ஒரு ஸ்பார்க் பிளக் வேலை செய்யவில்லை என்றார். ஸ்பேனர் போட்டுத் திருகினார், அசையவில்லை. கொஞ்சம் அழுத்தியதும் பிளக் முறிந்து, தலையும் பீங்கானும் கையோடு வந்துவிட்டன. திருகு மரை உள்ள இரும்பு வளையம் மட்டும் எஞ்சினுக்குள் மாட்டிக்கொண்டது.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டார். அரத்தின் கூர்மையான வாலை வளையத்துக்குள் இறக்கித் திருகிப் பார்த்தார். ம்ஹூம்.

"ஏலே சங்கரபாண்டி, மரையில எதையும் தடவுனியா?"

"ஒண்ணும் தடவல பாய். சாரல்ல துரு பிடிச்சிருக்கும்."

பொய். போன மாதம் நானே பிளக்கைக் கழற்றி, மரையில் நல்லெண்ணெய் பூசி மாட்டியிருந்தேன். அருவிக்குப் போகிறவன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகிறான், சாரலில் நிற்கிற வண்டிக்கும் தேய்த்தால் துரு அண்டாது என்பது என் மேதாவித்தனம். எஞ்சின் சூட்டில் அது காய்ந்து பிசினாகப் பிடித்துக்கொள்ளும் என்று யார் கண்டது? எஞ்சினில் கை வைத்தால் சாவியை வாங்கிவிடுவேன் என்று முதலாளி வல்லிநாயகம் பிள்ளை முன்பே சொல்லியிருந்தார். விஷயம் அவர் காதுக்குப் போனால் என் பிழைப்பு அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டேன்.

"துருன்னா வேற வழியில்ல. வளையத்த வெட்டித்தான் எடுக்கணும்" என்று பாய் சின்ன உளியை எடுத்தார். ஜைனப் வாசலுக்கு வந்துவிட்டார்.

கண்ணை மூடி ஓர் அடி. என் தலைக்கு மேலே தகரத்தில் ஒரு சில்லு ணங்கென்று மோதியது. பாய் கண்ணைத் திறந்து பார்த்தார். உளி வழுக்கி, எஞ்சினின் மரையை ஒட்டி நின்றது. இன்னொரு அடி அப்படி விழுந்தால் எஞ்சினே பாழ்.

"இதக் கண்ண மூடிக்கிட்டு அடிக்க முடியாது போலுக்கு" என்றார் மெதுவாக.

குனிந்தார். கண்ணுக்கும் உளிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. ஜைனப் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது; சாவி போய்விடுமே என்று நாக்கு எழவில்லை. கண்ணைத் திறந்தபடியே அடித்தார்.

சில்லு அவர் கன்னத்தைக் கீறிக்கொண்டு போனது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே ரத்தம் வழிந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி உளியை வைத்தார்.

அப்போதுதான் அவர் கையைப் பிடித்தேன். "நல்லெண்ணெய் தடவுனேன் பாய்."

சுத்தியலைக் கீழே வைத்தார். மண்ணெண்ணெயைத் துடைத்து எடுத்தார். ஒரு கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வளையத்துக்குள் வைத்தார். புகை வந்து பிசின் இளகியது. அரத்தின் வாலைத் திரும்ப இறக்கித் திருகியதும் வளையம் சுழன்று வெளியே வந்துவிட்டது. உளிக்கு அங்கே வேலையே இருந்திருக்கவில்லை.

புதுப் பிளக்கை மாட்டிக் கொடுத்துவிட்டு, நான் வண்டியில் ஏறும்போது கிட்டே வந்தார். முதலாளியிடம் சொல்லிவிடுவாரோ என்றுதான் அப்போதும் எனக்குப் பயம்.

"பிள்ளைவாள்ட்ட சொல்ல மாட்டேன், போ" என்றார். "சில்லுக்குப் பயந்து எனக்குப் பழக்கம்லே. பக்கத்துல நிக்குற ஆளுக்கும் பயப்படணும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அதற்குப் பிறகு, நான் கொட்டகைக்குள் நின்றால் அவர் சுத்தியலைத் தொட்டதே இல்லை.