இரண்டு விசில்

திண்டிவனத்து முதியோர் இல்லத்தில் நான் உதவியாளராக இருந்தபோது, பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன பஸ் கண்டக்டர் ஒருவர் அங்கிருந்தார். சக்கர நாற்காலியை யார் தள்ளினாலும் இடது கையால் அடிப்பார். அவர் மகள் பழைய விசிலைத் தேடிக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டினாள். அதற்குப்பின், வாயின் கோணாத பக்கத்தில் வைத்து அவர் இரண்டு விசில் ஊதினால் தள்ளுவேன். ஒன்று ஊதினால் நிறுத்துவேன். அடி நின்றது.

ஒரு மதியம் சாப்பாட்டு அறைக்குப் போகும் வழியில் ஒரு விசில் ஊதி நிறுத்திவிட்டார்.

"சோறு ஆறிக்கினு இருக்குது, ஜல்தி போலாங்க" என்று சிடுசிடுத்தேன். அவர் இடது கையால் பின்பக்கம் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். கோலியனூர்க்கார அம்மா ஒருவர் கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்துகொண்டிருந்தார். வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "ஏறிட்டேன் கண்டக்டரே" என்றார்.

இரண்டு விசில் கேட்டது.