வேடசந்தூர் பஸ்ஸும் ராவுத்தர் வீட்டுச் சஹனும்

போன மாதம் ஒரு மாணவி என் பதிவின் கீழே கேட்டிருந்தாள்: "மேடம், ஆக்குபேஷனல் தெரபி படிக்கிறேன். லீவில் சம்பளமில்லாமல் தொண்டு செய்யப் போ என்கிறார்கள். அதனால் படிப்புக்கு என்ன பிரயோஜனம்?" இரண்டு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அது ஒரு பயணக் கட்டுரையாகிவிட்டது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது போன வாரம் போய்வந்த பயணம் இல்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், நயா பைசா வந்தும் சந்தையில் அணாக் கணக்கே பேசிக்கொண்டிருந்த காலத்தில் போனது.

அப்போது நான் பம்பாயில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். நோயிலோ விபத்திலோ கை கால் வசமிழந்தவர்களுக்குக் குளிப்பது, உடுத்துவது, உண்பது, பிழைப்பைப் பார்ப்பது எல்லாவற்றையும் திரும்பப் பழக்குவதுதான் எங்கள் தொழில். இந்தப் பெயரையே கேள்விப்படாத ஊராகப் பார்த்துக் கோடை விடுமுறையைக் கழித்துவிட்டு வாருங்கள் என்றார் எங்கள் ஆசிரியை. மதிப்பெண் கிடையாது, வழிச்செலவு கிடையாது. திண்டுக்கல்லில் என் சித்தப்பா ரயில்வேயில் இருந்தார். தங்க இடமும் சாப்பாடும் உறுதி என்பதால் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தேன். சேவை மனப்பான்மை என்றெல்லாம் பெரிதாக எதுவும் இல்லை.

பம்பாயிலிருந்து சென்னைக்கு ரயில், எழும்பூரிலிருந்து மீட்டர் கேஜில் ஓர் இரவு. காலை ஏழரைக்குத் திண்டுக்கல்லில் இறங்கியபோது தலைமுடியெல்லாம் கரித்தூள். மலைக்கோட்டையைப் பார்த்தபடி சித்தப்பாவும் நானும் குதிரை வண்டியில் வீட்டுக்குப் போனோம். வண்டிக்காரர் எட்டணா கேட்டார். சித்தப்பா ஆறணா கொடுத்தார். வழி முழுக்கச் சித்தப்பாவுக்கு ஒரே கேள்விதான்: "சம்பளமே இல்லாத வேலைக்கா இம்புட்டுத் தூரம் வந்தே?"

ஊரில் ஒரு சிறிய தரும ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டர் நல்ல மனிதர். ஊசி போடத் தெரியுமா என்று கேட்டார், தெரியாது என்றேன். கட்டுப் போடத் தெரியுமா என்றார், அதுவும் தெரியாது என்றேன். பிறகு என் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மரக்கட்டைகள், மெழுகு உருண்டை, நூல்கண்டு, துளை போட்ட பலகை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வராந்தாக் கோடியில் ஒரு பெஞ்சைக் காட்டினார். அன்று சாயங்காலமே எனக்கு "விளையாட்டு டீச்சர்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோபம் வந்தது, ஆனால் பெட்டியைப் பார்த்தால் யாருக்குமே அப்படித்தான் தோன்றும்.

அந்தப் பெஞ்சுக்கு வந்தவர் இபுராகிம் ராவுத்தர். வேடசந்தூர்க்காரர். சுற்று வட்டாரக் கிராமங்களில் ஆட்டுத்தோல் வாங்கித் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் இடங்களுக்கு அனுப்புகிற வியாபாரி. ஐம்பது வயதிருக்கும். நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தோள் சற்று எழும்பும், விரல்கள் மெல்ல மூடும், திறப்பதற்குத்தான் பாடு. கூடவே அவர் மனைவி சுபைதா அம்மா. அந்நியப் பெண்ணான நான் தன் கையைத் தொடுவதில் ராவுத்தருக்குச் சம்மதமில்லை. அதனால் செய்ய வேண்டியதை என் கையில் நான் செய்து காட்டுவேன், அதை அந்த அம்மா அவர் கையில் செய்வார். ஆரம்பத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வாரத்தில் அந்த அம்மாவின் விரல்கள் என்னைவிடப் பக்குவமாகிவிட்டன.

ஸ்பூனின் காம்பில் துணி சுற்றி, மேலே அவர் கிடங்குத் தோலையே தைத்துப் பருமனாக்கி, உள்ளங்கையோடு பட்டி போட்டுக் கட்டினேன். புத்தகத்தில் இருந்த படத்தை அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் அவர் தானாக ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தார். டாக்டர் நர்ஸுகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. சம்பளத்துக்கு இருப்பவளாக இருந்தால் அடுத்த நோயாளியைப் பார்த்திருப்பேன். எனக்குத்தான் வேறு ஜோலி இல்லையே, பஸ் ஏறினேன்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் பன்னிரண்டு மைல், கரூர்ச் சாலை. கட்டணம் முப்பத்தைந்து பைசா என்று ஞாபகம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும், ஏனென்றால் கண்ட இடத்தில் எல்லாம் நிற்கும். தலையில் பஞ்சு ஒட்டியிருந்த மில் தொழிலாளிகள், பூக்கூடைகள், ஒரு முறை என் மடியருகே ஓர் ஆட்டுக்குட்டி. வழியில் தாடிக்கொம்பு. ஒரு நாள் அங்கே இறங்கிச் சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மண்டபத் தூண்களைப் பார்த்தேன். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கரும்பு வில்லைப் பிடித்திருக்கும் மன்மதனின் கட்டைவிரலை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், பட்டர் சந்தேகப்படும்வரை. தாடிக்கொம்பைத் தாண்டினால் பொட்டல், பனை, சோளத் தட்டை, அங்கங்கே கிணற்றுப் பாசனத்தில் ஒரு துண்டுப் பச்சை. குடகனாற்றில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் போய்ப் பார்த்தால், கூடத்தின் நடுவில் புத்தம்புது மேஜையும் நாற்காலியும். தரையில் உட்கார வைக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். திண்டுக்கல்லில் வாங்கி மாட்டு வண்டியில் கொண்டுவந்திருக்கிறார்கள். வீட்டிலுள்ள அத்தனை பேரும் தரையில் சேர்ந்து சாப்பிட, ராவுத்தர் மட்டும் கலெக்டர் மாதிரி உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். சுபைதா அம்மா பக்கத்தில் நின்று ஊட்டிக்கொண்டிருந்தார். ஸ்பூன் மாடத்தில் துணியில் சுற்றிக் கிடந்தது.

ஏன் என்று கேட்டேன். அந்த அம்மாதான் சொன்னார். மூத்த மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் தஞ்சாவூர்ப் பக்கம். இன்னும் மூன்று வாரத்தில் நிச்சயத்துக்கு வருகிறார்கள். அவர்கள் ஊரில் விருந்து என்றால் சஹன்தான். ஒரு பெரிய தட்டில் சோற்றைக் கொட்டி, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலேயே சாப்பிடுவார்கள். சம்பந்திகள் இருவரும் ஒரே தட்டில் உட்கார வேண்டும். இடது கையை அந்தத் தட்டில் வைப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். மூன்று பேர் கையால் அள்ளும் தட்டில் ஒருவர் மட்டும் தோல் பட்டி கட்டிய ஸ்பூனை விடுவதும் முடியாது. அன்று திண்டுக்கல்லுக்குப் போய்விடுகிறேன், அவசர வேலை என்று சொல்லிவிடுங்கள் என்று ராவுத்தர் முடிவு கட்டியிருந்தார்.

அப்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"நான் உக்காராமப் போனா சம்பந்திக்குக் குறைவு தாயி. உக்காந்து சிந்திக்கிட்டு இருந்தா எம் மகளுக்குக் குறைவு. நீயே சொல்லு, எதைச் செய்ய?"

செத்த நேரம் இரு, சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று சுபைதா அம்மா என்னையும் பெண்களோடு தரையில் உட்கார வைத்தார். சோறு, கறிக்குழம்பு, கத்தரிக்காய் வெஞ்சனம். சாப்பிடும்போது எதிரே பார்த்தேன். பெண்கள், அடுத்த பாயில் ஆண்கள், எல்லோரும் ஒரே மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இடது காலை மடக்கி, வலது முழங்காலை நட்டு வைத்து. அப்படி உட்கார்ந்து உண்பது அவர்கள் மார்க்க வழக்கம். சிலர் வலது முழங்கையை அந்த முழங்காலில் ஊன்றியிருந்தார்கள்.

சோற்றுக் கையோடு நான் அப்படியே இருந்துவிட்டேன். ராவுத்தருடைய தோளுக்குக் கையைத் தூக்க வலுவில்லை. முழங்கை எங்காவது ஊன்றியிருந்தால் தூக்கவே வேண்டாம், மடக்கினால் போதும், கை வாய்க்கு வந்துவிடும். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அந்த முழங்கால் இல்லை. நாற்காலியிலும் இல்லை. பிறந்ததிலிருந்து அவர் உட்கார்ந்து பழகிய இடத்திலிருந்து நாங்கள்தான், வைத்தியம் என்று சொல்லி, அவரைத் தூக்கிவிட்டிருந்தோம்.

அன்றிலிருந்து தினமும் மதியம் பன்னிரண்டு மணி பஸ். மேஜை சுவரோரம் போனது, அதைப் பிடித்துக்கொண்டு தரையில் இறங்கவும் ஏறவும் பழகினோம். உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் சிரமம். இரண்டு முறை சரிந்தார், தலையணை அடுக்கியிருந்ததால் அடியில்லை. வலது முழங்கால் நிற்காமல் வெளியே சாய்ந்தது, சுபைதா அம்மா தன் முழங்காலை முட்டுக் கொடுத்தார். முதலில் மாவு உருண்டையைக் கிள்ளுவது, பிறகு பொரி, பிறகு குழைந்த சோறு. விரல் திறக்க மறுத்தால் மணிக்கட்டை மெல்லக் கீழே தாழ்த்தினால் திறக்கும் என்று என் கையில் காட்டினேன், அந்த அம்மா அவர் கையில் கண்டுபிடித்தார். உதிரிச் சோறு மட்டும் கடைசிவரை சண்டை போட்டது. பிரியாணி உதிரிதானே. அதுதான் எங்கள் பயம்.

விருந்தைச் சொல்வதற்கு முன், போக நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. கடைசியில் எழுதினால் மறந்துவிடுவேன். கோடையில் போகாதீர்கள், மார்கழி தை நல்லது. வேடசந்தூருக்கு இப்போது திண்டுக்கல்லிலிருந்து அடிக்கடி பஸ் உண்டு, அரைமணி சுமாரில் போய்விடலாமாம். தாடிக்கொம்பு கோயிலுக்குக் காலையிலேயே போங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். தொண்டுக்குப் போகிறவர்கள் பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோக வேண்டாம், சாப்பாட்டு நேரத்துக்கு நோயாளி வீட்டில் இருக்கும்படி பஸ்ஸைப் பிடியுங்கள். படிப்புக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டாயே, பெண்ணே. வார்டில் எனக்கு ஒரு நோயாளிக்கு அரைமணி கொடுப்பார்கள், எதைப் பழக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதித் தருவார்கள். அந்த வீட்டில் எனக்கு யாரும் எதுவும் எழுதித் தரவில்லை. எதைப் பழக்க வேண்டும் என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சம்பளமில்லாதவளுக்குக் காத்திருக்க நேரம் இருந்தது.

நிச்சயத்தன்று காலையிலேயே போய்விட்டேன். கொல்லையில் சமையல்காரப் பண்டாரி தேக்சா என்னும் பெரிய பாத்திரத்தில் பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டிருந்தார். ராவுத்தர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து, வலது கை விரல்களை இடது கையால் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்க்காரர்கள் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளே, நடுவில் திரைச்சீலை. மூன்று வாரம் பாடுபட்ட பரீட்சையை எனக்குப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

உள்ளே மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தோம். சுபைதா அம்மாவின் கை பரிமாறியது, காது திரையில் இருந்தது. தட்டு வைக்கும் சத்தம், உண்ணுமுன் சொல்லும் பிஸ்மி, அதன்பின் பேச்சொலி. பாத்திரம் எதுவும் விழவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே பெண்கள் கையலம்பியாகிவிட்டது. கூடத்தில் இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் சுபைதா அம்மாவின் தம்பி வெறும் பாத்திரத்தோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இன்னும் சோறு இருக்கா? மச்சான் எந்திரிக்க மாட்டேங்குறாரு. ஒவ்வொரு கவளமா நிதானமாத் திங்குறாரு. அவரு எந்திரிக்காம சம்பந்தி எந்திரிக்க மாட்டாரு. தட்டுக் காலியானா மரியாதை இல்லேன்னு மறுபடி மறுபடி போட வேண்டியிருக்கு. அவுகளும் கூடவே தின்னுக்கிட்டு இருக்காக."

"சிந்துச்சா?" என்று மட்டும் கேட்டார் அந்த அம்மா.

"சிந்துச்சு. எல்லாருக்குந்தான் சிந்துச்சு."

கொல்லைக்குப் போய்த் தேக்சாவைத் திறந்து பார்த்தோம். இருந்த நல்ல சோற்றையெல்லாம் வழித்துத் தம்பியிடம் கொடுத்தனுப்பினோம். அவர்கள் எல்லோரும் உண்டு, வெற்றிலை போட்டு, நிச்சயம் முடிந்து, வேன்கள் கிளம்பிய பிறகு பார்த்தால் வீட்டுப் பெண்களுக்கு மிஞ்சியது தேக்சாவின் அடியில் காந்திப் பிடித்திருந்த சோறு மட்டும்தான். கறி ஒரு துண்டு இல்லை. எனக்கு அவர்களைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

சுபைதா அம்மா அடுப்புத் தணலிலிருந்து இறக்காமலே அந்தக் காந்தலைச் சுரண்டினார். ஆவி பறந்தது. ஒரு பிடி அள்ளி, ஊதி, வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"அஞ்சு மாசமா அவுகளுக்கு ஊட்டி முடிச்சிட்டு ஆறிப்போன சோத்தைத்தான் தின்னுக்கிட்டு இருந்தேன் தாயி," என்றார். "இன்னிக்குத்தான் சுடச்சுடத் திங்கிறேன்."