காலஞ்சென்ற என்று எழுதாத பெயர்

ஜப்பான்காரன் காலத்தில் என் வீட்டுக்காரரைச் சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துப்போனார்கள். மலாக்கா காஜா பெராங்கில் இருந்த வீட்டில் நான் தனியாகிவிட்டேன். மலாய் பேசும் பழைய தமிழ் வம்சத்தாரான மலாக்காச் செட்டிகளின் சடங்குகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி இதழுக்கு அவர் எழுதிவைத்துவிட்டுப் போன கட்டுரையை, முருகனைக் கும்பிட்டுவிட்டுப் படியெடுத்தேன். தகவல் தந்தவர்களின் பெயர்களைக் கடைசியில் எழுத வேண்டும். இறந்தவர் என்றால் ‘காலஞ்சென்ற’ என்று சேர்ப்பது இதழின் முறை.

பக்கத்து வீட்டுச் செட்டிக்காரர் பெயரில் கை நின்றது. அவரும் சயாமுக்குப் போனவர். இருவருமே செத்துப்போனதாக ஊரில் பேச்சு. அவர் மனைவியிடம் தயங்கித் தயங்கி மலாயில் கேட்டேன்.

“அண்ணன் பேரை எப்படிக்கா எழுதட்டும்? ‘காலஞ்சென்ற’ன்னு சேர்க்கவா?”

“செத்தவங்களுக்கெல்லாம் பொங்கலுக்கு முதல்நாள் இலை போட்டுப் படைச்சேன். அவருக்கு இலை போடலையே. நீ மட்டும் ஏன் அவசரப்படுறே?” என்றாள்.

வெறும் பெயரையே எழுதினேன். கட்டுரைத் தலைப்பின் கீழ் என் வீட்டுக்காரர் பெயரையும் அப்படியே எழுதினேன். அன்று விளக்கேற்றியபோது, என் வீட்டுக்காரர் உயிரோடு திரும்ப வேண்டும் என்பதா, அவர் ஆத்மா சாந்தியடைய வேண்டும் என்பதா, முருகனிடம் எதைக் கேட்பது என்ற குழப்பம் எனக்கு இல்லை.