இலுப்பூர் தாண்டி ஒரு டம்ளர் மோர்

திருக்கோகர்ணத்திலிருந்து விராலிமலை அடிவாரம் வரை நடந்தால் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அன்னவாசல், இலுப்பூர் வழி. அந்தச் சாலையில் யார், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரத்தில் நடந்தார்கள் என்று குறித்து வைப்பவன் நான். யாரும் கேட்டு ஆரம்பித்ததல்ல. தைப்பூசத்துக்குப் பழநி போகும் எங்கள் தெருக் குழுவில் சேர்ந்த முதல் வருடம் புறப்பட்ட நேரத்தை எழுதினேன். பிறகு ஒவ்வொரு ஊரிலும் எழுதினேன். இப்போது அலமாரியில் ஒன்பது நோட்டுகள் இருக்கின்றன.

குழுவில் நாலைந்து பேருக்கு வேகத்தில் ஆசை வந்தபோது பழநி வரை போகாமல் விராலிமலையோடு நிறுத்தி, ஒரே நாளில் நடந்து பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. அதற்கு விதிகள் எழுதியதும் நான்தான். வெளிநாட்டு மலைப்பாதைகளில் மாதக்கணக்காக நடந்து நேரச் சாதனை செய்பவர்களைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். ஆள் துணையோடு நடப்பது ஒரு வகை. வழியில் கடையில் வாங்கிக்கொண்டு நடப்பது இன்னொன்று. தன் முதுகில் உள்ளதைத் தவிர யார் கையிலிருந்தும் எதுவும் வாங்காமல் நடப்பது மூன்றாவது. இருப்பதில் கடினமானது எதுவோ அதுதான் கௌரவம் என்று நினைத்து மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கலாம். ஓடக் கூடாது. யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது.

ஓய்வு பெற்ற டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் போன தை மாதம் ஏழு மணி முப்பத்தாறு நிமிடத்தில் நடந்தார். குழுவில் அதுதான் குறைந்த நேரம். டீக்கடையில் உட்கார்ந்தால் அதை இரண்டு தடவையாவது சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

என் மனைவி ஒன்பது வருடமும் எங்களோடு பழநிக்கு நடந்தவள். கடைசி வரிசையில், பெண்களோடு, சமையல் சாமான் பையோடு. இரண்டு வருடத்துக்கு முன் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை ஆனது. டாக்டர் நடக்கச் சொன்னார். பள்ளி மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தவள் பிறகு நார்த்தாமலை வரை போய் வர ஆரம்பித்தாள். ஒருநாள் அலமாரியைத் துடைத்தபடியே நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“மழை பேஞ்சது எழுதியிருக்கீங்க. கீரனூர்க்காரர் செருப்பு அறுந்தது எழுதியிருக்கீங்க. நாய் தொரத்துனது கூட நேரத்தோட இருக்கு. நான் எங்கங்க?”

தேடினேன். மூன்றாவது நோட்டில் ‘சாப்பாடு தயாராகத் தாமதம், 40 நிமிடம்’ என்று இருந்தது. அதில்தான் அவள் இருந்தாள்.

“சமைச்சவ பேரு இல்ல, தாமதம் மட்டும் இருக்கு” என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. “ஒரு வரி வேணும் எனக்கு. சும்மா போட வேணாம். கண்டக்டர் அண்ணன் நேரத்த விடக் கொறைச்சு நடந்து காட்டுறேன். அப்பப் போடுங்க.”

தை மாதம் மூன்றாவது ஞாயிறு காலை 5.02க்குக் கோயில் வாசலில் சூடம் ஏற்றிவிட்டுக் கிளம்பினாள். சுடிதார், கேன்வாஸ் ஷூ, முதுகில் பை. பையில் வேர்க்கடலை உருண்டை, பேரீச்சை, இரண்டு பாட்டில் தண்ணீர். நான் மொபெட்டில் முன்னால் போய்க் காத்திருந்து நேரம் குறிப்பேன். அருகில் போய்ப் பேசவும் கூடாது. அதுவும் என் விதிதான்.

அன்னவாசல் 8.04. இலுப்பூர் 9.35. கண்டக்டரைவிட ஆறு நிமிடம் முன்னால் இருந்தாள். முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமல் கடந்து போனாள்.

இலுப்பூர் தாண்டிச் சற்றுத் தொலைவில் நீலத் தார்ப்பாய் கட்டி ஒரு விவசாயக் குடும்பம் பழநி போகிறவர்களுக்கு மோர்ப்பந்தல் போட்டிருந்தது. எதிர்ப்புறம் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். அப்போதுதான் பானையை இறக்கிவைத்தார்கள். 10.10க்கு அவள் வந்தாள். பந்தலிலிருந்து ஓர் அம்மா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி சாலைக்கே வந்துவிட்டார்.

“சாமி, ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க.”

“வேணாங்கம்மா, நேரமாச்சு.”

“இப்பத்தான் பானைய எறக்குனோம் சாமி. மொத ஆளு நீங்கதான். மொத ஆளு வேணான்னுட்டுப் போனா நாங்க எப்புடி ஊத்துறது?”

மனைவி நின்றாள். சாலைக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். முதல் டம்ளரை மறுத்து அந்தப் பானையைத் தாண்டிப் போக எங்கள் பக்கத்து ஆள் யாராலும் முடியாது. விதி எழுதும்போது எனக்கு மலைப்பாதைகள் ஞாபகம் இருந்தன, இந்தச் சாலை ஞாபகம் இல்லை.

டம்ளரை வாங்கி, கண்ணில் ஒற்றி, முழுதும் குடித்தாள். திருப்பிக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தாள். என் கை பழக்கத்தில் எழுதியது: ‘10.10. மோர்.’

தோற்றுவிட்டோம் என்று தெரிந்தும் அவள் வேகம் குறையவில்லை. கடைசி பத்து கிலோமீட்டரில் என் மொபெட்டைப் பார்க்கும்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளோ, வியர்வையோ, எழுதவில்லை. விராலிமலை அடிவாரத்தில் ஷூவைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நடந்து முதல் படியைத் தொட்டாள். 12.31. ஏழு மணி இருபத்தொன்பது நிமிடம்.

கண்டக்டர் பஸ்ஸில் வந்து படியோரம் காத்திருந்தார்.

“எவ்வளவு சார்?”

சொன்னேன்.

“போச்சு. ஏழு நிமிஷத்துல என்னைய எறக்கி விட்டுருச்சே தங்கச்சி” என்று சிரித்தார்.

“இல்லண்ணே” என்றாள் அவள், படியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டே. “இலுப்பூர் தாண்டி ஒரு டம்ளர் மோர் குடிச்சிட்டேன். கணக்குல வராது. ஏங்க, எழுதாதீங்க.”

கண்டக்டர் சிரிப்பை நிறுத்தினார். ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் அவருடைய நேரம் இன்னொரு வருடம் நின்றிருக்கும்.

“நீலத் தார்ப்பாயா?” என்று கேட்டார்.

“ஆமாண்ணே.”

“மாங்கா இஞ்சி தட்டிப் போட்டிருந்தாங்களா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நானும் பார்த்தேன்.

“போன வருசம் நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்மா. அந்தம்மா வழிய மறிச்சா யாரு தாண்டிப் போறது? சார் அப்ப வண்டிய எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போயிட்டாரு. டீக்கடையில அத மட்டும் சொல்லல.”

என் நோட்டில் இல்லாத விஷயம் அந்தச் சாலையில் நடந்திருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. படியிலேயே உட்கார்ந்து பழைய பக்கத்தை எடுத்து, ‘மோர், இரண்டு டம்ளர்’ என்று சேர்த்தேன். விதிகள் பக்கத்தில் ‘வழியில் எல்லாருக்கும் ஊற்றுவதைக் குடிக்கலாம்’ என்று எழுதினேன். பிறகு புதுப் பக்கம்.

“மனைவின்னு போட்டுறாதீங்க” என்றாள். “பேரப் போடுங்க. மோரையும் போடுங்க.”

இந்தக் கட்டுரையில் நான் யார் பெயரையும் எழுதவில்லை. நோட்டில் இருக்கிறது, இனிஷியலோடு.

திரும்பும்போது மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் பந்தல் பக்கத்தில் நிறுத்தச் சொன்னாள். இறங்க முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே அந்த அம்மாவிடம், “விராலிமலைக்கு ஏழு மணி இருபத்தொம்போது நிமிசத்துல போயிட்டேங்கம்மா” என்றாள்.

“எதுக்கும்மா அம்புட்டு அவசரம்?” என்றார் அந்த அம்மா. பானை அடியைச் சாய்த்து மொண்டு, டம்ளரை என்னிடம் நீட்டினார். “காலையிலயே பாத்தேன். அந்தப் புளியமரத்துக்கிட்ட நின்னு என்னமோ எழுதிக்கிட்டே இருந்தீங்க. குடிங்க.”

குடித்தேன். ‘2.20. மோர். நான்.’