துண்டுக்குள்ளே பேசிய விலை

காவ்யஸ்ரீக்குக் கால் வீங்கிப் போயிருந்தது. மதுரை ஆனையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி உசிலம்பட்டிக்கு வந்து, மாலையில் பிள்ளைகளுக்குக் கதை வகுப்பு எடுப்பது அவள் வேலை. நடத்துவது ஓர் அறக்கட்டளை. வாசிப்பது பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு கிடையாது. அதைப் பார்த்து முடிவு சொல்லத்தான் மேற்பார்வையாளர் துளசிராம் இன்றைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகள் கடகடவென்று வாசிப்பார்கள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பாடத்தில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே ஒப்பித்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்கள். பொம்மை செய்யச் சொன்னாள், படம் வரையச் சொன்னாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இன்றைய கதையில் மழை பொய்த்துப்போய் ஒருவர் மாட்டை விற்கச் சந்தைக்குப் போகிறார். அதிக விலை சொல்கிறார். யாரும் வாங்கவில்லை. மாட்டோடு வீடு திரும்புகிறார். ஏன் அப்படி விலை சொன்னார் என்று நேற்று கேட்டதற்கு, "அவர் அதிக விலை சொன்னார்" என்று வகுப்பே ஒரே குரலில் பதில் சொன்னது. சரி, நடித்தாவது காட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

மாட்டுக்காரராக மலையம்மாள், வியாபாரியாக முனீஸ்வரி. மாடாக நின்ற பிள்ளை மும்முரமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. முனீஸ்வரி ஒரு துண்டை எடுத்து இருவர் கையையும் மூடினாள். பேச்சே இல்லை. கொஞ்ச நேரத்தில் மலையம்மாள் கையை வெடுக்கென்று உருவினாள். மறுபடி துண்டு, மறுபடி உருவல்.

"வசனத்தச் சொல்லுங்கடி! விளையாடுற நேரமா இது?" என்று காவ்யஸ்ரீ பல்லைக் கடித்தாள். பிள்ளைகள் துண்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

துளசிராம் எழுந்தார். "வாயே தொறக்கலியேம்மா. நான் என்னன்னு எழுதுறது? சரி, வாரேன்." மதுரை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை. "ஏண்டி இப்படிப் பண்ணுனீங்க?" என்றாள்.

"மாட்டு வெலையச் சத்தம் போட்டா பேசுவாக டீச்சர்?" என்றாள் மலையம்மாள். "சந்தையில துண்டுக்குள்ள வெரலப் பிடிச்சுத்தான் பேசுவாக."

"அப்ப நீ ஏன் கைய உருவுன?"

"அவருக்கு விக்க மனசில்ல டீச்சர். அதான் யாரும் வாங்க முடியாத வெலையாச் சொல்றாரு. வித்துட்டா மாடு போயிருமே."

அந்த வரி கதையில் எங்குமே இல்லை. அப்படி ஒரு பதில் ஒரு பிள்ளை வாயிலிருந்தாவது வராதா என்றுதான் அவள் இத்தனை நாளும் தொண்டை கிழியக் கத்தியது.

உடனே துளசிராமுக்குப் போன் போட்டு மலையம்மாள் சொன்னதைச் சொன்னாள். "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா, பஸ் ஏறுனதுமே போன்லயே ரிப்போர்ட்ட அனுப்பிட்டேனே," என்றார் அவர்.

"அப்ப எனக்கே புரியல சார்."

போனை வைத்தபோது மலையம்மாள் துண்டோடு பக்கத்தில் நின்றாள். "நாளைக்கும் கொண்டாரவா டீச்சர்?"

அடுத்த மாதம் வகுப்பு இருக்காது என்று சொல்ல காவ்யஸ்ரீக்கு வாய் வரவில்லை.

"கொண்டா," என்றாள். "இப்ப ஒரு தடவ நடிங்க. நான் பேசாமப் பாக்குறேன்."