ஆன்ட்டி வாங்காத காயில்

பதினொரு வருடம் வேப் கடை நடத்தினேன் என்று சொன்னால், நம் ஆட்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் பக்கத்தில் நிற்கும் என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். "நீங்களா நடத்துனீங்க?" என்று இரண்டாவது தடவை என்னிடமே கேட்பார்கள். பொங்கல் விழாவில் யாரிடமாவது என்னை அறிமுகப்படுத்தினால் "ஸ்மால் பிசினஸ் பண்றாங்க" என்று சொல்லிவிட்டு, என்ன பிசினஸ் என்று கேட்பதற்குள் பேச்சை மாற்றிவிடுவார்கள். எனக்கு வாய் அதிகம். "எலெக்ட்ரானிக் சிகரெட் விக்கிறேங்க, உங்க வீட்டுக்காரர்கூட நம்ம கஸ்டமர்தான்" என்று சொல்லி ஒருமுறை ஒரு குடும்பத்தில் குழப்பத்தையே உண்டாக்கியிருக்கிறேன்.

இப்போது கடையை விற்றுவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற இரண்டு மூன்று பேர் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். வாய் அதிகமான நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

டெக்ஸஸ் ரிச்சர்ட்சனில் டெலிகாம் கம்பெனியில் இருந்த என் வீட்டுக்காரருக்கு லே-ஆஃப் ஆனது. அடுத்த வேலை கிடைக்கும் வரை சும்மா இருக்க முடியாதென்று, வரிசையாகக் கடைகள் இருக்கும் ஒரு ஸ்ட்ரிப் மாலில் இந்தியன் க்ரோசரிக்கும் டாக்ஸ் ஆபீசுக்கும் நடுவில் இருந்த வேப் கடையை எடுத்தோம். அவருக்கு ஆறே மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டது. கடை என் தலையில் விழுந்தது.

முதல் நாள் வந்த முதல் கஸ்டமர் ஒரு ட்ரக் டிரைவர். பெரிய புகை வரும் டிவைஸ் கேட்டார், கொடுத்தேன். அதில் ஊற்றும் லிக்விட் கேட்டார், கைக்கு வந்ததைக் கொடுத்தேன். அது ஐம்பது மில்லிகிராம் நிகோடின். சின்ன டிவைஸில் கொஞ்சமாக இழுக்க வேண்டியதை அவர் நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, வெளுத்துப்போய் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையை எங்களுக்கு விற்றவர் அன்று உடன் இருந்ததால் தண்ணீர் கொடுத்து, காற்றாட உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டது.

கடையை விற்றவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். முதல்முறை வருகிறவர் எதைக் கேட்டாலும் உடனே எடுத்துக் கொடுக்காதே. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட், காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், இதற்கு முன் விட்டுப் பார்த்தது உண்டா. இந்த மூன்றுக்கும் உண்மையான பதில் வந்தால்தான் எத்தனை மில்லிகிராம் நிகோடின் என்ற ஸ்ட்ரெங்த்தை முடிவு பண்ண முடியும். அதிகமாகப் போனால் ட்ரக் டிரைவர் மாதிரி தலை சுற்றும். குறைவாகப் போனால் ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த ஆள் பத்து நாளில் சிகரெட்டுக்கே திரும்பிப் போய்விடுவார். குறைவுதான் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். சிகரெட்டை விட நினைப்பவருக்கு அது பாதுகாப்பே இல்லை.

இதை நான் நன்றாகப் படித்துக்கொண்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

2. மூணு, நாலு

பொங்கல் விழாக்களில் முகம் பார்த்துப் பழகிய ஞானசேகரன் அங்கிளும் வசந்தா ஆன்ட்டியும் ஒரு சனிக்கிழமை காலை வந்தார்கள். பக்கத்து க்ரோசரியில் வாங்கிய கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் ஆன்ட்டி கையிலிருந்த பையில் எட்டிப் பார்த்தன. அங்கிளுக்கு அறுபத்து நான்கு வயது, இன்னும் வேலையில் இருந்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள்.

டெக்ஸஸில் இருபத்தொரு வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. எங்கள் கடையில் யாராக இருந்தாலும் ஐடி பார்ப்போம். நரைத்த தலையோடு அங்கிள் லைசென்ஸை நீட்டியதும் ஆன்ட்டி சிரித்துவிட்டார். "பாருங்க, உங்கள சின்னப் பையன்னு நெனச்சுட்டாங்க." அங்கிளும் சிரித்தார். அந்தக் கடையில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"கார்டியாலஜிஸ்ட் சொல்லிட்டார்மா," என்றார் ஆன்ட்டி. "இன்னும் சிகரெட் தொட்டா அடுத்த தடவை ஸ்டென்ட்டெல்லாம் பத்தாதுன்னார். கைல ஒட்டற நிகோடின் பேட்ச் குடுத்தாங்க, இவருக்கு அரிக்குது. கம் மென்னா நெஞ்செரிச்சல். பக்கத்து வீட்டுக்காரர் இதை வெச்சுதான் விட்டாராம். ஒண்ணு பாத்துக் குடு."

"ஆன்ட்டி, இது மருந்து இல்ல. இதால நின்னுடும்னு நான் சொல்லக் கூடாது. உங்க டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க," என்றேன்.

"கேட்டாச்சு. மொதல்ல சிகரெட்ட விடட்டும், அப்புறம் இதையும் விடணும்னார்."

அங்கிள் பக்கம் திரும்பி முதல் கேள்வியைக் கேட்டேன். "ஒரு நாளைக்கு எத்தனை அங்கிள்?"

அவர் ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி சொன்னார்: "மூணு, நாலு இருக்கும்மா. ஆபீஸ்ல டென்ஷனானா இன்னொண்ணு."

நான் அங்கிளின் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மஞ்சள் பூசியது போல இருந்தன. மூன்று நான்கு பிடிப்பவருக்கு விரல் அப்படி ஆகாது. வாயில் கிராம்பு வாசனை, அதற்கு அடியில் சிகரெட் வாசனை. காலை பதினொரு மணிக்குள் ஐந்தாறு ஆகியிருக்கும். ஒரு பாக்கெட், இல்லையென்றால் அதற்கும் மேலே. இந்தத் தொழிலில் இருப்பவள் இதைக்கூடக் கண்டுபிடிக்காவிட்டால் எப்படி?

அந்த நேரம் பார்த்து ஆன்ட்டிக்கு மகளிடமிருந்து ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். நானும் அங்கிளும் மட்டும்தான். பதினெட்டு மில்லிகிராம் பாட்டிலை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன்.

"அங்கிள், உங்களுக்கு இதுதான் சரியா இருக்கும்."

அவர் பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். பதினெட்டு என்று பெரிதாகப் போட்டிருந்தது. "இதுல நம்பர் போட்டிருக்கேம்மா. அவ பாத்தா எதுக்கு இவ்ளோன்னு கேப்பா. சின்னதா ஏதாவது குடு."

"சின்னது உங்களுக்குப் பத்தாது அங்கிள்."

"நான் சமாளிச்சுக்கறேன். ப்ளீஸ்மா."

அறுபத்து நான்கு வயது மனிதர் என்னிடம் ப்ளீஸ் என்றார். என் அப்பா வயது. ஆன்ட்டி முன்னால் அவரைப் பொய்யர் ஆக்க எனக்கு மனசு வரவில்லை. மூன்று மில்லிகிராம் பாட்டிலை எடுத்து வைத்தேன். அவருக்கு அது வெறும் ஆவிதான். ட்ரக் டிரைவருக்குச் செய்தது தெரியாமல் செய்த தப்பு, இது தெரிந்தே செய்தது.

டிவைஸில் காயிலைப் போட்டுக் காட்டினேன். காயில் என்பது லிக்விட் ஊற்றும் குப்பியின் அடியில் இருக்கும் சின்னக் கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. லிக்விட் அந்தப் பஞ்சில் ஊறி, கம்பி சூடாகி ஆவியாகும். ஒழுங்காக இழுக்கிறவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் பஞ்சு கருகிவிடும், புதிது போட வேண்டும். அங்கிள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆன்ட்டி திரும்பி வந்தபோது டிவைஸும் பாட்டிலும் பைக்குள் போயிருந்தன. காயிலைப் பற்றி ஆன்ட்டிக்குத் தெரியவே தெரியாது.

3. லிக்விட் மட்டும்

அதற்குப் பிறகு மாதாமாதம் ஆன்ட்டிதான் வந்தார். அங்கிளின் பிரஷர் மாத்திரையை ஃபார்மசியில் வாங்குவது போல, இதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மாதம் இரண்டு பாட்டில். "எல்லாம் தீந்துடுச்சும்மா, கரெக்டா யூஸ் பண்றார்" என்பார். சிகரெட்டை விட்டு நூறு நாள் ஆனதென்று கேசரி செய்து டப்பாவில் கொண்டுவந்தார். நெய் சொட்டச் சொட்ட இருந்தது. அதைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று சாப்பிட்டேன். பாதியிலேயே டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

ஏனென்றால் அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆன்ட்டி பெயரைக் கம்ப்யூட்டரில் போட்டால் லிக்விட், லிக்விட், லிக்விட் என்று வரும். காயில் ஒன்றுகூட இல்லை. மாதம் இரண்டு பாட்டில் தீர்க்கும் ஆள் மூன்று மாதமாக ஒரே காயிலில் இழுக்கவே முடியாது. வாயில் வைக்க முடியாத கருகல் நாற்றம் வரும். பாட்டில் தீர்கிறது, ஆனால் யாரும் இழுக்கவில்லை.

அடுத்த வாரம் எதிரே பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனில் அங்கிளைப் பார்த்தேன். டெக்ஸஸின் ஆகஸ்ட் வெயில், நிற்க முடியவில்லை. அவர் காரின் பின்னால் மழைக்கோட்டைக் கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டு நின்றார். வேர்த்து ஊற்றியது. கையில் சிகரெட். சட்டையில் வாசனை ஏறாமல் இருக்க அந்தக் கோட்டு.

என்னைப் பார்த்ததும் கீழே போட்டு மிதித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்தது.

"லிக்விடெல்லாம் என்ன பண்றீங்க அங்கிள்?"

"கராஜ் சிங்க்ல ஊத்திடுவேன்." மிதித்த சிகரெட்டைக் காலால் காருக்கு அடியில் தள்ளினார். "ரெண்டு வாரம் ட்ரை பண்ணேம்மா. நெஜமாவே பண்ணேன். ஒண்ணுமே ஏறல. அவகிட்ட சொல்லிடாத. ஸ்டென்ட் வெச்சதுலேர்ந்து ராத்திரியெல்லாம் எழுந்து எனக்கு மூச்சு வருதான்னு பாப்பா. இப்பதான் நல்லா தூங்கறா."

"கடைக்கு வாங்க அங்கிள். நீங்க மட்டும் வாங்க. சரியான ஸ்ட்ரெங்த் தர்றேன். இல்லன்னா டாக்டர்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க."

"வர்றேம்மா. கண்டிப்பா வர்றேன்."

வரவில்லை. அடுத்த மாதம் ஆன்ட்டிதான் வந்தார். பேசிக்கொண்டே இரண்டு பாட்டில் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு குடும்ப விஷயத்தில் நாம் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற எல்லார் வீட்டிலும் நுழைத்த மூக்கு.

அடுத்த இரண்டு மாதமும் அப்படியே போனது.

4. திருப்பிக் கொண்டுவந்த பை

அங்கிள் ஆபீஸ் பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். ஹார்ட் அட்டாக். வாட்ஸ்அப் க்ரூப்பில்தான் செய்தி பார்த்தேன். ஃப்யூனரலுக்குப் போகப் புடவை கட்டிவிட்டேன், காரில் ஏற முடியவில்லை. தலைவலி என்று வீட்டுக்காரரை மட்டும் அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து ஆன்ட்டி கடைக்கு வந்தார். நெற்றியில் பொட்டு இருந்தது, ஆள்தான் பாதியாக இருந்தார். கையிலிருந்த பையைக் கவுண்டரில் வைத்தார். பிரிக்காத இரண்டு பாட்டில், அந்த டிவைஸ்.

"வசதியில்லாதவங்க யாராவது விடணும்னு வந்தா குடும்மா. புதுசு மாதிரிதான் இருக்கு."

வாயில் வைத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. அதைச் சொல்லாமல், பழக்க தோஷத்தில் குப்பியைக் கழற்றிக் காயிலை வெளியே எடுத்துவிட்டேன். என் கையால் போட்ட அதே காயில். பஞ்சு லேசாகப் பழுத்திருந்தது, அவ்வளவுதான். ஏழு மாதம் ஓடியிருந்தால் கரியாக இருந்திருக்கும்.

"அது என்னது?" என்றார் ஆன்ட்டி.

"காயில், ஆன்ட்டி."

"எதுக்கு?"

சொன்னேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் சொன்னேன். அதற்கு மேல் எதையும் மறைக்க எனக்குத் தெம்பில்லை.

ஆன்ட்டி காயிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் இதை வாங்கினதே இல்லையேம்மா." பஞ்சை விரலால் தொட்டுப் பார்த்தார். "கார்ல ரெண்டு பாக்கெட் இருந்துது. பழசுன்னு நெனச்சேன். சட்டைல வாசனை கொறஞ்சுட்டே வந்துது, அதனால நம்பிட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும் ஆன்ட்டி."

"எப்பலேர்ந்து?"

"மூணாவது மாசத்துலேர்ந்து." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "குடுத்த ஸ்ட்ரெங்த்தே தப்பு ஆன்ட்டி. அவருக்கு பத்தாதுன்னு அன்னிக்கே தெரியும். ஒரு பாக்கெட் பிடிப்பார்னு உங்களுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னு கெஞ்சினார். அதான் சின்னதா குடுத்தேன்."

ஆன்ட்டி கத்துவார் என்று நினைத்தேன். அவருக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது, பாதியிலேயே உதடு கோணிக்கொண்டது.

"ஒரு பாக்கெட்னு எனக்குத் தெரியாதாம்மா? முப்பத்தாறு வருஷமா அவர் சட்டையத் தொவச்சுப் போடறவ நான். ஒரு பொம்பளைப் புள்ள முன்னாடி அவர் மானம் போகக் கூடாதேன்னுதான் மூணு, நாலுன்னேன். நீதான் இதுல தெரிஞ்சவளாச்சே, ஆளப் பாத்துச் சரியாக் குடுத்துடுவேன்னு நெனச்சேன்."

காயிலைக் கவுண்டரில் வைத்தார். "காயில் வேணாமா ஆன்ட்டின்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு க்ரோசரி பக்கம் போனார்.

சரியான ஸ்ட்ரெங்த் கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் தேவைப்படாத ஒரு ரகசியத்தை நான் கட்டிக் காத்திருக்கிறேன். அந்த நம்பரைப் பார்த்து ஆன்ட்டி ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு கடையில் இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். முதல்முறை வருகிறவர் யாரோடு வந்தாலும், கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத்தான் எத்தனை என்று கேட்பேன். மூணு, நாலு என்று பதில் வந்தால், விரலைப் பார்த்துவிட்டு மறுபடியும் கேட்பேன். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, போகட்டும். இரண்டாவது, யார் வந்து லிக்விட் மட்டும் கேட்டாலும், யாருக்காக வாங்கினாலும், பாட்டிலைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுவேன்: "காயில் வேணாமா?"

புதிதாகக் கடை எடுத்தவரிடம் சாவியைக் கொடுத்த அன்றும் இதைத்தான் சொன்னேன். எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று அவர் கேட்டார். ஆன்ட்டி வைத்துவிட்டுப் போனதிலிருந்து கவுண்டர் ட்ராயரில் கிடந்த அந்தக் காயிலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.